கப்பல்ல சைவம்: காய்கறி சூப்புக்குள்ள கோழி

"அலாஸ்கா க்ரூஸ் போறோம், அங்க நமக்குச் சாப்பாடு கிடைக்குமா?"

மே மாசம் பொறந்தா போதும், இந்தக் கேள்வியோட எனக்கு ரெண்டு போனாவது வந்துடும். ஊர்ல இருந்து அப்பா அம்மா வந்திருப்பாங்க. நயாகரா, டிஸ்னி எல்லாம் காட்டி முடிச்சாச்சு. அடுத்து என்ன? அலாஸ்கா. சியாட்டில்ல கப்பல் ஏறினா ஏழு ராத்திரி. ஜூனோ, ஸ்காக்வே, கெட்சிகன்னு ஒரு சுத்து சுத்திப் பனியாறெல்லாம் காட்டிட்டு அதே இடத்துல கொண்டு வந்து இறக்கி விட்டுடுவாங்க. பெரியவங்களுக்குப் பெட்டியைத் தூக்கிக்கிட்டு ஓட்டல் ஓட்டலா அலைய வேண்டாம். எல்லாம் சவுகரியம். வயிறு ஒண்ணுதான் கவலை.

பதில் என்னமோ சுலபம். கிடைக்கும். பசியோட கப்பலை விட்டு இறங்கின ஆளை நான் இன்னும் பார்க்கல. பஃபேல பழம், ரொட்டி, சாலட், பாஸ்தான்னு மலை மாதிரி குவிச்சு வச்சிருப்பாங்க. ராத்திரி உக்கார வச்சுப் பரிமாறுற பெரிய டைனிங் ரூம்லயும் தினம் ஒண்ணு ரெண்டு சைவ ஐட்டம் இருக்கும். கார்னிவல் மாதிரி கம்பெனியில கேட்டுச் சொன்னா இந்திய சைவச் சாப்பாடே செஞ்சு தர்றாங்க. ஓஷியானியா 2017-லயே தாவர உணவுக்குன்னு தனி மெனு கொண்டு வந்துட்டாங்க. நம்ம ஊர்லயே 2021-ல மும்பையில இருந்து ஆரம்பிச்ச கார்டீலியா கப்பல்ல ஜெயின் சாப்பாடு வரைக்கும் உண்டு. அதனால "கிடைக்குமா" என்ற கேள்விக்கு என்னைக் கேட்டா முடிவு சொல்லியாச்சு. அடுத்த கேள்விதான் சிக்கல். கிடைக்கிறது சைவம்தானான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

இந்த இடத்துல என்னைப் பத்தி ஒரு வரி சொல்லிடறேன், இல்லேன்னா "இவரு யாரு பெரிய புனிதர்"னு யாராவது கிளம்புவீங்க. நான் சைவம். கொள்கை கோட்பாடு எல்லாம் ஒண்ணும் இல்ல, வளர்ந்த பழக்கம். தங்கமணி நீந்துறது, நடக்கிறது, பறக்கிறது எல்லாம் சாப்பிடுவாங்க. வீட்டுல ஒரே கிச்சன், ஒரே அடுப்பு. சாப்பாட்டு விஷயத்துல சண்டை வந்ததில்ல. (மத்த விஷயங்களை இங்க எழுத முடியாது :-))

2023 ஜூன்ல நாங்களும் அத்தையைக் கூட்டிக்கிட்டு அலாஸ்கா கப்பல் ஏறினோம். அத்தைக்கு எழுபத்திரண்டு வயசு. திருநெல்வேலி. முட்டை கலந்த கேக் கூடத் தொட மாட்டாங்க. ஆனா அடுத்தவங்க என்ன சாப்பிடுறாங்கன்னு திரும்பிக் கூடப் பார்க்காத டைப். மூணாம் நாள் ராத்திரி மெனுவுல "காய்கறி சூப்"னு இருந்துச்சு. வெளிய பயங்கர குளிர். சூடா ரெண்டு கரண்டி குடிச்சுட்டு அத்தை ஸ்பூனைக் கீழ வச்சாங்க. "ஏலே, இதுல என்னமோ வாடை அடிக்கி."

வெயிட்டரைக் கூப்பிட்டுக் கேட்டேன். பிலிப்பைன்ஸ் பையன், நல்ல பையன். உள்ள போய் விசாரிச்சுட்டு வந்து மறைக்காம சொன்னான். காய்கறி எல்லாம் காய்கறிதான் சார், ஆனா அடிப்படை சிக்கன் ஸ்டாக். அதாவது கோழி எலும்பைப் போட்டு மணிக்கணக்கா கொதிக்க விட்டு, வடிகட்டி எடுக்கிற தண்ணி.

அத்தை ஒண்ணும் சொல்லல. சத்தம் போடல, யாரையும் திட்டல. ரூமுக்குப் போய் அந்தக் குளிர்ல தலைக்குக் குளிச்சாங்க. அன்னைக்கு ராத்திரி வேற எதுவும் சாப்பிடல. மறுநாள் முழுக்க வாழைப்பழமும் ரொட்டியும்தான். "விடுலே, தெரியாமத்தானே போச்சு"னு எனக்குச் சமாதானம் வேற சொன்னாங்க. எனக்கு ஆறவே இல்ல. அந்த ஒரு தட்டு சூப்புக்காக இல்ல. அதுக்கப்புறம் அவங்க கப்பல்ல எந்தத் தட்டையும் நம்பல. எது வந்தாலும் முதல்ல மோந்து பார்த்தாங்க. எழுபது வருஷம் தன் சோத்தைத் தானே வடிச்சுச் சாப்பிட்ட மனுஷி, காசு கொடுத்து உக்கார்ந்திருக்கிற மேஜையில திருட்டுத்தனமா மோந்து பார்க்கிறதைப் பார்க்கச் சகிக்கல.

இத்தனைக்கும் கப்பல்காரன் பொய் சொல்லல, அதையும் கவனிக்கணும். காய்கறி சூப்புன்னா அவனுக்குக் காய்கறி இருக்கிற சூப். நமக்குக் காய்கறி மட்டுமே இருக்கிற சூப். ரெண்டு பேரும் ஒரே வார்த்தையைத்தான் படிச்சோம்.

மேற்கத்திய சமையல்ல இந்த மாதிரி மறைஞ்சிருக்கிற சங்கதி நிறைய. ஃப்ரெஞ்ச் ஆனியன் சூப்புல பேருக்கு வெங்காயம், அடியில மாட்டெலும்பு ஸ்டாக். சீசர் சாலட் ஊத்துற சாஸ்ல நெத்திலி மாதிரி ஒரு மீன். தாய்லாந்து காய்கறிக் குழம்புல மீன் சாஸ். மூஸ், பன்ன கோட்டா மாதிரி தளதளன்னு ஆடுற இனிப்புல ஜெலட்டின் இருக்கலாம். சில கம்பெனித் தயிர்லயே அது உண்டு. பாஸ்தா மேல தூவுற ஒரிஜினல் பார்மிஜானோ சீஸை எடுத்துக்கிட்டா, கன்னுக்குட்டி வயித்துல இருந்து எடுக்கிற ரென்னட் போட்டுத்தான் அதைச் செய்யணும்னு ஐரோப்பாவுல விதியே இருக்கு. பொரிச்ச உருளைக்கிழங்கு உருளைக்கிழங்குதான், ஆனா எண்ணெய் மீன் பொரிச்ச அதே எண்ணெயா இருக்கலாம்.

"இவ்வளவு பார்த்தா வீட்டுலயே இருக்க வேண்டியதுதானே?" அப்படீன்னு சிலர் கேக்கறாங்க. ஏழு நாள் அட்ஜஸ்ட் பண்ணிக்கக் கூடாதான்னும் கேக்கறாங்க. பண்ணிக்கலாமே! எனக்கு ஏழு நாளும் ரொட்டியும் பீன்ஸும் போதும். ஆனா அட்ஜஸ்ட் பண்றதுக்கும் முதல்ல எதுல என்ன இருக்குன்னு தெரியணும் இல்லையா? சீஸ் விஷயத்துல நான் கண்டுக்க மாட்டேன். அத்தை கண்டுப்பாங்க. இன்னொருத்தருக்கு முட்டை ஓகே. எங்க கோடு போட்டுக்கறதுன்னு சாப்பிடுறவங்க தீர்மானிக்கட்டும். கிச்சன்ல இருக்கிறவங்க உள்ள என்ன இருக்குன்னு மட்டும் சொல்லிட்டாப் போதும்.

இதை ஏரோப்ளேன்காரங்க எப்பவோ ஓரளவு தீர்த்துட்டாங்க. டிக்கெட் போடும்போது ஏ.வி.எம்.எல்.னு ஒரு கோடு போடுவோம் பாருங்க (ஸ்டூடியோ இல்லீங்க), அது ஆசிய சைவம். மசாலா போட்ட நம்ம பக்கத்துச் சமையல், மாமிசம் மீன் முட்டை இல்ல, பால் தயிர் இருக்கலாம். வி.எல்.எம்.எல்.னா பாலும் முட்டையும் உண்டு. வி.ஜி.எம்.எல். பால் கூடக் கிடையாது. வி.ஜே.எம்.எல். ஜெயின். எச்.என்.எம்.எல்.னு ஒண்ணு இருக்கு, அது இந்து அசைவம். அதை சைவம்னு நினைச்சுப் பதிஞ்சுட்டுத் தட்டைத் திறந்து பார்த்து அலறின மாமாக்கள் பலர் உண்டு. நாலே எழுத்துல ஒரு சமையல்காரருக்கு வேண்டிய விவரம் போய்ச் சேர்ந்துடுது. கப்பல்ல புக் பண்ணும்போது பல இடத்துல "சைவம்"னு ஒரே ஒரு பெட்டி. டிக் அடிச்சா அடிச்சதுதான். அதைப் படிக்கிறவர் முட்டையைச் சேர்ப்பாரா மாட்டாரா, ஸ்டாக்கை யோசிப்பாரா மாட்டாரா, எல்லாம் அவர் வளர்ந்த ஊரைப் பொறுத்தது.

"கப்பல்லதான் அலர்ஜி பட்டியல் கேட்டா காட்டுறாங்களே"ன்னு ஒரு நண்பர் சொன்னார். காட்டுறாங்க, உண்மை. அதுல ஒரு வேடிக்கை இருக்கு. ஐரோப்பாவுல 2014 டிசம்பர்ல இருந்து பதினாலு பொருள் சாப்பாட்டுல இருந்தா சொல்லியே ஆகணும்னு சட்டம். கோதுமை மாதிரி குளூட்டன் தானியம், முட்டை, மீன், நண்டு இறால் வகை, சிப்பி வகை, பால், சோயா, நிலக்கடலை, எள்ளு, கடுகு, செலரின்னு போகுது. அமெரிக்காவுல பாக்கெட் சாப்பாட்டுக்கு எட்டு இருந்துச்சு, 2023-ல எள்ளு சேர்ந்து ஒன்பது. ரெண்டு பட்டியல்லயும் தேடிப் பாருங்க. கோழி கிடையாது. மாடு கிடையாது. பன்னி கிடையாது. ஜெலட்டினும் கிடையாது.

ஆக, அந்தத் தாளை வாங்கிப் படிச்சா தாய்லாந்துக் குழம்புல மீன் இருக்கிறது தெரிஞ்சுடும். அத்தையோட சூப்புல செலரி இருந்தது கூடத் தெரிஞ்சிருக்கும். கோழி மட்டும் தெரியாது!

காரணம் புரியுது. கடலை தின்னா ஒருத்தர் செத்துப் போகலாம், கோழி ஸ்டாக் குடிச்சு யாரும் சாகப் போறதில்ல. உயிர் போறதுக்கு முதலிடம் கொடுக்கறது நியாயம்தான், அதுல எனக்கு ஒரு தகராறும் இல்ல. ஆனா நான் இங்க கேக்கறது என்ன? அலர்ஜிக்காக ஒவ்வொரு டிஷ்ஷுக்கும் என்னென்ன போட்டோம்னு அவங்க ஏற்கனவே எழுதித்தான் வச்சிருக்காங்க. அந்த விவரம் கிச்சன்ல இருக்கு. அதுலயே இன்னும் ரெண்டு கட்டம் சேர்க்கறது. மாமிச ஸ்டாக், ஜெலட்டின். அவ்வளவுதான் சார்.

மனசு நோகறதெல்லாம் ஒரு கேஸான்னு கேட்டா, ஆமாம், ஒரு தடவை நிஜமாவே கேஸ் ஆச்சு. அதுவும் இந்த அலாஸ்கா கப்பல் கிளம்புற அதே சியாட்டில்ல. மெக்டானல்ட்ஸ் 1990-ல அமெரிக்காவுல உருளைக்கிழங்கு வறுவலைத் தாவர எண்ணெய்க்கு மாத்திட்டோம்னு அறிவிச்சாங்க. நம்ம ஆளுங்க நிம்மதியா வாங்கித் தின்னாங்க. எண்ணெய் தாவர எண்ணெய்தான், ஆனா சுவைக்காக மாட்டுச்சத்து கொஞ்சம் சேர்க்கறது தொடர்ந்துச்சு. விஷயம் வெளிய வந்ததும் 2001-ல சியாட்டில்ல இந்து சைவர்கள் பேர்ல வழக்கு போட்டாங்க. 2002-ல கம்பெனி மன்னிப்புக் கேட்டு, சைவ அமைப்புகள், மத அமைப்புகளுக்குன்னு ஒரு கோடி டாலர் கொடுக்கச் சம்மதிச்சாங்க. அதுலயும் பிரச்சினை மாட்டுச்சத்து போட்டது இல்ல, போட்டதைச் சொல்லாததுதான்.

கப்பல்காரங்க பக்கத்து நியாயத்தையும் பேசணும். 2024 ஜனவரியில ஓட ஆரம்பிச்ச ஐகான் ஆஃப் த சீஸ் கப்பலை எடுத்துக்குங்க. ஒரு அறைக்கு ரெண்டு பேர்னு கணக்குப் போட்டாலே 5,610 பயணிகள். வேலை பார்க்கிறவங்க 2,350 பேர். ஒரு சின்ன டவுனுக்கு தினமும் மூணு வேளை சமைக்கிற மாதிரி. நடுக்கடல்ல அண்ணாச்சி கடை கிடையாது, கிளம்பற துறைமுகத்துல ஏத்தினதுதான் பெரும்பாலும் வாரம் பூரா. தீ பயத்துனால பெரும்பாலும் மின்சார அடுப்புதான். இந்த லட்சணத்துல "எனக்கு மட்டும் வெங்காயம் இல்லாம ஒரு வத்தக்குழம்பு"ன்னு கேட்டா அவங்க மயங்கி விழ வேண்டியதுதான்.

ஆனா இவ்வளவு பெரிய கிச்சன்கறதுதான் என் கட்சிக்கே பலம். அண்டா அண்டாவா ஸ்டாக் காய்ச்சி அதுல இருந்துதான் சூப்பு, சாஸ், ரிசொட்டோ எல்லாத்துக்கும் எடுக்கறாங்க. தக்காளி சூப்புக்கும் பூசணி சூப்புக்கும் கோழி எலும்பு எதுக்கு? காய்கறித் தோலும் தண்டும் வெங்காயமும் போட்டு ஒரு அண்டா ஸ்டாக் காய்ச்சிக் காய்கறி சூப்பு அத்தனைக்கும் அதையே ஊத்தினா, சைவம், வீகன், ஹலால் பார்க்கிறவர், கோழி பிடிக்காத குழந்தை, எல்லாரும் அதே சூப்பைக் குடிக்கலாம். அசைவம் சாப்பிடுறவங்களுக்கு நஷ்டம் ஒண்ணுமில்ல. எல்லாருக்கும் பொதுவா ஒரு அண்டா மாத்தறது, ஆளாளுக்குத் தனித்தனியா செய்யறதை விட எவ்வளவோ சுலபம்.

இப்ப நடக்கிறது என்னன்னா, எல்லாமே தனிப்பட்ட தயவுல ஓடுது. எங்க கதையும் அப்படித்தான். ஹெட் வெயிட்டர் காதுக்கு சூப்பு விஷயம் போச்சு. அஞ்சாம் நாள்ல இருந்து உள்ள இருந்த ஒரு மங்களூர்க்காரச் சமையல்காரர் தினமும் ராத்திரி சாதம், பருப்பு, ஒரு பொரியல் செஞ்சு அனுப்பினார். மெனுவுல கிடையாது. கப்பல்ல வேலை செய்யற நம்மூர்க்காரங்களுக்கு அவங்க மெஸ்ஸுல சாதமும் பருப்பும் இருக்கும்கறது பலருக்குத் தெரிஞ்ச ரகசியம். அத்தை முதல் வாய் சாதத்தை மோந்து பார்க்காம எடுத்தாங்க. அந்தப் புண்ணியவானுக்கு நான் என்ன கொடுத்தாலும் தகும்.

ஆனா யோசிச்சுப் பாருங்க. அவர் வாரத்துல ஏழு நாளும் வேலை பார்க்கிற மனுஷன். எங்களுக்குச் செஞ்சது அவரோட வேலைக்கு மேல வேலை. அவர் அந்த வாரம் அந்தக் கப்பல்ல இல்லேன்னா? "இந்தியச் சமையல்காரர் இருந்தா கேளுங்க, செஞ்சு தருவார்"னு நாம ஒருத்தருக்கொருத்தர் டிப்ஸ் கொடுத்துக்கறோம். கம்பெனி எழுதி வைக்க வேண்டிய ஒரு வரிக்குப் பதிலா ஒரு தொழிலாளியோட தூக்கத்துல கை வைக்கிறோம். எனக்கு இது உறுத்துது.

இன்னொரு பக்கத்தையும் சொல்லலேன்னா நான் ஒருதலைப்பட்சம். நம்ம சைவக் கோஷ்டி பண்ற அலம்பல் இருக்கே! அதே கப்பல்ல நம்ம நாட்டுக்காரர் ஒருத்தர், பக்கத்து மேஜையில ஒரு குடும்பம் இறால் சாப்பிட்டுக்கிட்டிருந்ததைப் பார்த்துட்டு, மூக்கைப் பொத்திக்கிட்டு வெயிட்டரைக் கூப்பிட்டு "இந்த மாதிரி ஆளுங்க பக்கத்துல எங்களை எப்படி உக்கார வைக்கலாம்"னு ஒரே ரகளை. அந்தக் குடும்பத்துச் சின்னப் பொண்ணு ஃபோர்க்கைக் கீழ வச்சுட்டு முழிச்சுது. தன் தட்டுல என்ன இருக்குன்னு கேக்கறது உரிமை. அடுத்தவன் தட்டுல என்ன இருக்கக் கூடாதுன்னு சொல்றது என்ன வகையாம்?

இது நம்ம ஊர்ல இருந்து மூட்டை கட்டிக்கிட்டு வந்த வியாதி. "சைவர்களுக்கு மட்டும்"னு வாடகை வீட்டு விளம்பரம் போடுறதுக்கு அர்த்தம் கத்திரிக்காய் இல்ல, சாதின்னு உங்களுக்கும் தெரியும் எனக்கும் தெரியும். "சுத்த சைவம்"னு போர்டு வைக்கும்போதே மத்தது அசுத்தம்னு ஆயிடுது. அதனாலதான் சைவத்துக்கு ஆதரவா நம்ம பக்கம் யார் எழுதினாலும் பாதிப் பேர் சந்தேகமா பார்க்கிறாங்க. பார்க்கட்டும், காரணம் இருக்கு. ஆனா அத்தை கேட்டதும் அந்த மூக்கைப் பொத்தினவர் கேட்டதும் ஒண்ணு இல்ல. ரெண்டையும் ஒரே கட்டுல கட்டி "சைவக் கும்பல்"னு தூக்கிப் போடாதீங்கன்னு மட்டும் கேட்டுக்கறேன்.

இந்த விஷயத்துல நம்ம ஊர் ஒரு நல்ல வேலை செஞ்சிருக்குன்னு ஒத்துக்கணும். பாக்கெட்டுல பச்சைப் புள்ளி போட்டா சைவம். அசைவத்துக்கு முன்ன பழுப்பு வட்டம் இருந்துச்சு, நிறம் தெரியாதவங்களுக்குக் குழப்பமா இருக்குன்னு அப்புறம் முக்கோணம் ஆக்கினாங்க. எழுதப் படிக்கத் தெரியாத கிழவி கூட பிஸ்கட் வாங்கலாம். யாரையும் கேக்க வேண்டாம், யார் தயவும் வேண்டாம். பஃபே தட்டு முன்னாடி வைக்கிற சின்ன அட்டையில அப்படி ஒரு அடையாளம் வைக்கக் கப்பல்காரனுக்கு எவ்வளவு செலவாயிடும்? சில கப்பல்ல இலை படம் போடத்தான் செய்யறாங்க. அந்த இலைக்கு முட்டை சேர்த்தியா, ஸ்டாக் சேர்த்தியான்னு கீழ ஒரு வரி எழுதிட்டா முடிஞ்சுது.

சரி, அதெல்லாம் நடக்கற வரைக்கும் போறவங்க என்ன பண்றது? "சைவம்"னு மட்டும் சொல்லாதீங்க. மாமிசம் இல்ல, மீன் இல்ல, முட்டை இல்ல, மாமிச ஸ்டாக் இல்ல, ஜெலட்டின் இல்ல, பால் ஓகேன்னு இதே மாதிரி எழுதி, டிக்கெட் போட்ட கையோட கம்பெனிக்கு அனுப்பிடுங்க. கடைசி வாரத்துல சொன்னா சாமான் ஏத்தி முடிச்சிருப்பாங்க. கோஷர் மாதிரி தனியா வரவழைக்கிற சாப்பாடுன்னா பல வாரம் முன்னாடியே சொல்லணும். ஏறின முதல் நாளே ஹெட் வெயிட்டரைப் பார்த்து அதே தாளைக் கையில கொடுங்க. பல கப்பல்ல மறுநாள் மெனுவை முதல் நாள் ராத்திரியே காட்டுவாங்க. உக்கார்ந்து தேர்ந்தெடுத்துட்டா அவங்களுக்கும் நிம்மதி. தினக்கட்டணத்துல டிப்ஸ் சேர்த்துப் பிடிச்சாலும், தனியா செஞ்சு தந்தவர் கையில ஏதாவது கொடுத்துட்டு வாங்க.

ஜெயின் நண்பர்களுக்கு ஒரு கூடுதல் தகவல். சூரியன் மறையறதுக்குள்ள சாப்பிடணும்கற கவலை அலாஸ்காவுல கிடையாது. ஜூன் மாசம் ஜூனோவுல சூரியன் மறைய ராத்திரி பத்து மணி ஆகும் :-)

வீட்டுல செஞ்ச புளியோதரையை ஏத்த விட மாட்டாங்க. சீல் உடைக்காத பருப்புப் பொடி, ஊறுகாய், தட்டை முறுக்கு பாக்கெட்டுக்கெல்லாம் பொதுவா பிரச்சினை இல்ல. ரைஸ் குக்கர் மட்டும் வேண்டவே வேண்டாம். சூடாகிற எந்தச் சாமானா இருந்தாலும் பெட்டியை ஸ்கேன் பண்ணும்போது எடுத்து வச்சுக்குவாங்க. இறங்குற அன்னைக்கு வரிசையில நின்னுதான் வாங்கணும். எங்களுக்கு முன்னாடி எட்டு பேர் நின்னாங்க. ஆறு பேர் கையில குக்கர்.